டெக்சாஸ் நிலத்தில் உப்புநீர்க் கிணறு: நில உரிமையாளர் இழப்பீடு பேசுவது எப்படி?

எண்ணெய் எடுக்கும் இடத்தில் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம் வருகிறது. மேற்கு டெக்சாஸின் பெர்மியன் படுகையில் பல இடங்களில் ஒரு பேரல் எண்ணெயோடு மூன்று, நான்கு பேரல் உப்புநீர் மேலே வரும். கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு உள்ள தண்ணீர். அதை ஓடையிலும் விட முடியாது, வயலிலும் விட முடியாது. ஆழத்தில் உள்ள பாறை அடுக்குக்குள் திரும்பச் செலுத்த வேண்டும். அதற்கென்று போடும் கிணறுதான் உப்புநீர்க் கிணறு.

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் முதலீடாக வாங்கிப் போட்ட நிலத்தில் ஏற்கெனவே எண்ணெய் லீஸ், அதாவது எண்ணெய் எடுக்க ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த குத்தகை, இருக்கும். ஒருநாள் நிறுவனத்தின் லேண்ட்மேனிடமிருந்து (நில ஒப்பந்தங்களைப் பேச நிறுவனம் வைத்திருக்கும் ஆள்) கடிதம் வரும்: இங்கே ஒரு உப்புநீர்க் கிணறு போடப் போகிறோம், அல்லது வற்றிய கிணற்றை அப்படி மாற்றப் போகிறோம். உடனே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பேரலுக்கு எத்தனை சென்ட் கேட்கலாம்?"

அந்தக் கேள்வியில் தொடங்கினால் பேச்சு தடம் மாறிவிடும். பேரல் கணக்கில் பணம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பதே, கிணற்றுக்குள் போகும் தண்ணீர் எந்த நிலத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் கீழே பணம் ஏழாவது படியில் வருகிறது.

இங்கே சொல்வது டெக்சாஸ் சட்டம். ஓக்லஹோமாவில் 1982 முதலும் நியூ மெக்ஸிகோவில் 2007 முதலும் நிலச் சேத இழப்பீட்டுக்கெனத் தனிச் சட்டங்கள் உள்ளன. வடக்கு டகோட்டாவிலும் உண்டு. டெக்சாஸில் அப்படி ஒன்று இல்லை. இங்கே உங்களுக்குத் துணை பத்திரம், லீஸ், நீதிமன்றத் தீர்ப்புகள், நீங்கள் எழுதி வாங்கும் ஒப்பந்தம், இவ்வளவுதான்.

1. முதலில் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

லேண்ட்மேனைத் திரும்ப அழைப்பதற்கு முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: நிலப் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரங்கள், எண்ணெய் லீஸ், லீஸில் பின்னால் செய்த திருத்தங்கள், உங்கள் நிலத்தைப் பக்கத்து நிலங்களோடு சேர்த்து யூனிட் ஆக்கிய அறிவிப்பு, சர்வே வரைபடம். லீஸும் யூனிட் அறிவிப்பும் உங்களிடம் இல்லாவிட்டாலும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) கிளார்க் அலுவலகப் பதிவில் இருக்கும். பல கவுண்டிகளில் ஆன்லைனிலேயே தேடலாம்.

சில சமயம் பதிவில் முழு லீஸ் இருக்காது, ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் இருக்கும். அப்போது முழுப் பிரதியை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சுருக்கத்தை வைத்துக்கொண்டு பேரம் பேச உட்காரக் கூடாது.

வந்த கடிதத்தின் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரைத் தேதி ஐந்தாம் படியில் தேவைப்படும்.

நண்பர்கள் சேர்ந்து எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) வைத்து வாங்கிய நிலமென்றால், யார் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் என்பதை இப்போதே எழுதி முடித்துவிடுங்கள். நாலு பேர் நாலு விதமாக லேண்ட்மேனிடம் பேசினால், அதில் மிகக் குறைவான தொகையைச் சொன்னவரின் பேச்சுதான் நிற்கும்.

2. நீங்கள் எதற்குச் சொந்தக்காரர் என்று பாருங்கள்

இந்தியாவில் நிலத்தடி எண்ணெய் அரசுக்குச் சொந்தம். அதனால் பத்திரத்தில் அதைத் தேடிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. டெக்சாஸில் மேல்நிலம் ஒருவருக்கும் கனிமம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். முன்னொரு காலத்தில் விற்றவர் "கனிம உரிமை எனக்கே" என்று ஒரு வரி எழுதி வைத்திருப்பார். அந்த வரி இன்றைக்கும் செல்லும்.

கனிமமும் உங்களுடையது என்றால், லீஸ் கொடுத்தவர் நீங்கள் அல்லது உங்களுக்கு விற்றவர். லீஸின் நிபந்தனைகள் உங்கள் ஆயுதம். மேல்நிலம் மட்டும்தான் என்றால் அந்த லீஸில் உங்கள் கையெழுத்து இல்லை, அதன் ராயல்டியும் (எடுக்கும் எண்ணெயில் உரிமையாளருக்குச் சேரும் பங்கு) உங்களுக்கு வராது. ஆனாலும் உப்புநீர்க் கிணறு விஷயத்தில் உங்கள் கை அவ்வளவு தாழ்ந்தது இல்லை.

காரணம், தண்ணீர் போய்த் தங்கும் இடம். பாறையில் உள்ள நுண்துளை வெளி மேல்நில உரிமையாளருக்கே சொந்தம் என்பது டெக்சாஸில் பொதுவாக ஏற்கப்படும் நிலை. 2025 மே மாதம் மையர்ஸ்-வுட்வர்ட் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், உப்பு எடுத்த பிறகு நிலத்தடியில் உண்டாகும் வெற்றிடம் மேல்நில உரிமையாளருடையது என்று தீர்ப்பளித்தது. இந்த நிலைப்பாட்டுக்கு அது மேலும் வலு சேர்த்தது.

அதே ஆண்டு ஜூனில் வந்த கேக்டஸ் வாட்டர் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எண்ணெயோடு வெளிவரும் கழிவுநீர், லீஸில் வேறு மாதிரி எழுதாதவரை, எண்ணெய் எடுக்கும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றது அது. ஆக, "என் தண்ணீரை எடுத்துப் போகிறீர்கள்" என்ற வாதத்தை இப்போது நம்பிப் பயனில்லை. "உங்கள் கழிவை என் இடத்தில் வைக்கிறீர்கள்" என்பதுதான் உங்கள் வாதம்.

3. கிணற்றுக்குள் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் படி இது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

டெக்சாஸில் கனிம உரிமையின் கைதான் ஓங்கியது. லீஸ் எடுத்த நிறுவனம், அந்த லீஸின் எண்ணெயை எடுக்க நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு உங்கள் மேல்நிலத்தைக் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம். அந்த லீஸில் வந்த உப்புநீரை அங்கேயே கீழே தள்ளுவதும் பொதுவாக இதில் அடங்கும். லீஸில் தடை எழுதியிருந்தால்தான் கதை வேறு.

ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு. வேறு நிலத்தின் நன்மைக்காக உங்கள் நிலத்தைப் பயன்படுத்த அது இடம் கொடுக்காது. 1973-இல் ராபின்சன் எதிர் ராபின்ஸ் பெட்ரோலியம் வழக்கில், ஒரு நிலத்து உப்புநீரை லீஸுக்கு வெளியே உள்ள நிலங்களின் உற்பத்திக்குப் பயன்படுத்தியதற்கு மேல்நில உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளித் தண்ணீரை உங்கள் நிலத்தில் இறக்குவதற்கும் அடிப்படை இதுவே: உங்கள் சம்மதம் வேண்டும், சம்மதத்துக்கு விலை உண்டு.

எனவே தண்ணீரை மூன்றாகப் பிரியுங்கள்.

உங்கள் நிலத்தின் லீஸிலிருந்து வருவது முதல் வகை. இதற்குப் பேரல் கணக்கில் பணம் கேட்கச் சட்டப்படி வலு குறைவு. ஆனாலும் இடம், சாலை, சேதம் ஆகியவற்றுக்குத் தொகை கேட்கலாம். சுமுகமாகப் போக விரும்பும் நிறுவனங்கள் கொடுப்பதும் உண்டு.

இரண்டாவது, உங்கள் நிலம் சேர்க்கப்பட்ட யூனிட்டிலிருந்து வருவது. தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். பக்கத்து நிலத்துக் கிணற்றின் தண்ணீர் குழாயில் வருவதைப் பார்த்ததும் "வெளித் தண்ணீர்!" என்று எழுதிவிடுகிறார்கள். 2014-இல் கீ ஆப்பரேட்டிங் எதிர் ஹேகர் வழக்கில், யூனிட்டில் சேர்ந்த நிலத்தின் சாலையை அந்த யூனிட்டின் உற்பத்திக்காகப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தர்க்கத்தை நிறுவனம் தண்ணீருக்கும் நீட்டும். யூனிட் அறிவிப்பின் வரைபடத்தைப் பார்க்காமல் எந்தத் தண்ணீரையும் வெளித் தண்ணீர் என்று சொல்லாதீர்கள்.

மூன்றாவது, லீஸுக்கும் யூனிட்டுக்கும் வெளியிலிருந்து வருவது. அது அதே நிறுவனத்தின் வேறு லீஸாக இருக்கலாம், வேறு நிறுவனங்களின் தண்ணீராகவும் இருக்கலாம். இதற்குத்தான் பேரல் ராயல்டி, அதாவது செலுத்தும் ஒவ்வொரு பேரல் தண்ணீருக்கும் இவ்வளவு என்று வாங்கும் பணம். உங்கள் முழு பேர வலிமையும் இங்கேதான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? நிறுவனம் டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷனிடம் தரும் விண்ணப்பத்தைப் பாருங்கள். பெயரில் ரயில் இருந்தாலும் எண்ணெய், எரிவாயுவைக் கட்டுப்படுத்துவது இந்த அமைப்புதான். எண்ணெய் இல்லாத அடுக்கில் செலுத்துவதற்கான விண்ணப்பம் டபிள்யூ-14. எண்ணெய் தரும் அடுக்கில் செலுத்த எச்-1. டபிள்யூ-14 படிவத்தில், குறிப்பிட்ட லீஸ் தவிர வேறு லீஸ்களின் தண்ணீரும் வருமா, இது பிறர் தண்ணீரைக் காசுக்கு வாங்கும் வணிகக் கிணறா என்று கேட்டிருக்கும். அங்கே "ஆம்" என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

"இல்லை" என்று இருந்தாலும் நாளொன்றுக்கு எத்தனை பேரல் செலுத்தப் போகிறோம் என்ற வரியைப் பாருங்கள். உங்கள் லீஸில் வயதான இரண்டு கிணறுகள் மட்டும் இருக்க, விண்ணப்பத்தில் 20,000 பேரல் என்று போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கிடைக்கும் பதில் பின்னால் கைகொடுக்காது.

இன்னொன்று. உற்பத்தி நின்று லீஸ் காலாவதியாகிவிட்டால், அந்த லீஸ் தந்த இலவச உரிமையும் போய்விடும். உப்புநீரைச் செலுத்திக்கொண்டிருப்பதால் மட்டும் லீஸ் உயிரோடு இருக்காது, அப்படி அதில் எழுதியிருந்தால் ஒழிய. வற்றிய கிணற்றை மாற்றப் போகிறோம் என்று யாராவது வந்தால், லீஸே இன்னும் இருக்கிறதா என்று கமிஷனின் உற்பத்திப் பதிவில் முதலில் பாருங்கள்.

4. லீஸை இந்தக் கண்ணோடு படியுங்கள்

லீஸ் முழுவதையும் படிக்க வேண்டும். இருந்தாலும் மூன்று இடங்களில் நின்று படியுங்கள்.

முதல் பத்தியில் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பட்டியல் இருக்கும். அச்சிட்ட பழைய படிவங்களில் "தனியாகவோ பக்கத்து நிலங்களுடன் சேர்த்தோ" என்ற பொருளில் ஒரு தொடர் வரும். வெளித் தண்ணீருக்கும் சம்மதம் கொடுத்தாயிற்று என்று நிறுவனம் வாதாடப் பிடித்துக்கொள்வது அந்தத் தொடரைத்தான். அது உங்கள் லீஸில் இருக்கிறதா என்பது வக்கீலிடம் போகும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, பின்னால் இணைத்த கூடுதல் நிபந்தனைகள். "எழுத்துபூர்வ சம்மதமின்றி இந்த நிலத்தில் உப்புநீர்க் கிணறு கூடாது" என்ற வரி அங்கே இருந்தால், உங்கள் சொந்த லீஸ் தண்ணீருக்கும் நீங்கள் விலை பேசலாம். அச்சிட்ட வரியும் இந்தக் கூடுதல் நிபந்தனையும் மோதினால் எது செல்லும் என்பதையும் அங்கேயே எழுதியிருப்பார்கள்.

மூன்றாவது, சேத இழப்பீட்டுப் பத்தி. சில பழைய லீஸ்களில் பயிர்ச் சேதத்துக்கு மட்டும் பணம் என்று இருக்கும். மேய்ச்சல் நிலத்துக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது.

5. கமிஷன் அறிவிப்பு வந்தால் நாளை எண்ணத் தொடங்குங்கள்

கிணறு அமையும் நிலத்தின் மேல்நில உரிமையாளருக்கு விண்ணப்பப் பிரதியை அனுப்ப வேண்டும் என்பது விதி. வணிகக் கிணறென்றால் ஒட்டிய நிலத்துக்காரர்களுக்கும் அனுப்ப வேண்டும். கவுண்டியில் புழங்கும் செய்தித்தாளிலும் விளம்பரம் வரும். விண்ணப்பம் சேர்ந்த நாள், விளம்பரம் வந்த நாள் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 15 நாளுக்குள் ஆட்சேபம் கமிஷனுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பலர் இந்தக் கடிதத்தை விளம்பரத் தபால் என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் அதோடு வரும் "ஆட்சேபம் இல்லை" தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தாள் உங்கள் பேரச் சீட்டு. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் அதைக் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

உரிய காலத்தில் ஆட்சேபம் போனால் விண்ணப்பம் அலுவலர் மட்டத்தில் முடியாது. நிறுவனம் விசாரணைக்குப் போக வேண்டும், அல்லது விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும். விசாரணைக்குக் காலமும் செலவும் பிடிக்கும் என்பதால் பேச்சுக்கு வருவார்கள். ஆனால் ஆட்சேபக் கடிதத்தில் "எனக்குப் பணம் தரவில்லை" என்று எழுதாதீர்கள். கமிஷன் இழப்பீட்டைத் தீர்மானிப்பதில்லை. நிலத்தடி நல்ல நீருக்கு என்ன ஆபத்து, அருகில் சரியாக மூடப்படாத பழைய கிணறு இருக்கிறதா, உங்களுக்கு எப்படி நேரடிப் பாதிப்பு, இவற்றை எழுதுங்கள். பழைய கிணறுகள் கமிஷனின் ஆன்லைன் வரைபடத்தில் தெரியும்.

அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். கமிஷன் அனுமதி உங்கள் சொத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் தருவதில்லை. அனுமதி கையில் இருப்பதாலேயே ஒரு நிறுவனம் அத்துமீறல் வழக்கிலிருந்து தப்பிவிடாது என்று 2011-இல் எஃப்பிஎல் ஃபார்மிங் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

6. வேலை தொடங்கும் முன் நிலத்தைப் பதிவு செய்யுங்கள்

எந்திரம் வந்து இறங்கிய பிறகு எடுக்கும் சோதனைக்கு மதிப்புப் பாதிதான். "உப்பு முன்பே இருந்தது" என்பார்கள்.

நீர்க்கிணற்றுத் தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துக் கரைந்த மொத்த உப்பு, குளோரைடு, பென்சீன் போன்ற எண்ணெய்க் கூறுகள், மீத்தேன் பாருங்கள். மண்ணில் மின்கடத்துத் திறன், சோடியம் விகிதம், குளோரைடு. மாதிரியை நீங்களே பாட்டிலில் பிடித்துக் கொடுக்காமல் ஆய்வக ஆளை வரவழைத்து எடுக்கச் சொல்லுங்கள். யார் எடுத்தது, எப்படிக் கொண்டுபோனது என்ற சங்கிலி அறுந்தால் நீதிமன்றத்தில் அந்த அறிக்கை நிற்காது. இந்தச் செலவை நிறுவனத்திடமே கேட்கலாம். சிறிய தொகைதான், மறுப்பது அரிது.

வேலி, கேட், சாலை, குளம், மரம் எல்லாவற்றையும் தேதி தெரிய வீடியோ எடுத்து வையுங்கள்.

7. இப்போது பணம்

ஒரே தொகையை வாங்கிக்கொண்டு முடித்துவிடாதீர்கள். உப்புநீர்க் கிணறு இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஓடலாம். பணத்தைத் துண்டுகளாகப் பிரித்துப் பேசினால்தான் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடியும்.

முன்பணம்: கிணற்று மேடை, தொட்டிகள், சாலை, மின்கம்பி ஆகியவை பிடிக்கும் இடத்துக்கு. ஏக்கர் கணக்கில் அளவைச் சொல்லி, அதைத் தாண்டினால் கூடுதல் தொகை என்று எழுதுங்கள்.

குழாய்: கிணற்றுக்கு வரும் குழாய்த் தடத்தைக் கிணற்று ஒப்பந்தத்துக்குள் இலவசமாகச் சேர்க்கப் பார்ப்பார்கள். தனியாகப் பிரியுங்கள். இங்கே குழாய்த் தடத்தை ராட் கணக்கில் பேசுவார்கள். ஒரு ராட் என்பது பதினாறரை அடி.

பேரல் ராயல்டி: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேரலுக்கு 5 சென்ட் என்று வைத்துக்கொண்டு, நாளுக்கு 10,000 பேரல் போனால் 500 டாலர், மாதம் 15,000 டாலர். அதே கிணற்றில் 2,000 பேரல்தான் போகிறது என்றால் மாதம் 3,000. சென்ட் விகிதம் மாறவே இல்லை, வருமானம் ஐந்தில் ஒன்றாகிவிட்டது. விகிதத்துக்காக மணிக்கணக்கில் சண்டை போட்டுவிட்டு அளவைப் பற்றிக் கேட்காமல் எழுந்து வருவது அடிக்கடி நடக்கிறது.

குறைந்தபட்சத் தொகை: மேலே சொன்ன கணக்குக்கு மருந்து இது. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் இவ்வளவு. இது இல்லாவிட்டால் உங்கள் நிலத்தைக் காலியாக வைத்துக்கொண்டு தண்ணீரைப் பக்கத்துக் கிணற்றுக்குத் திருப்ப முடியும். நில அதிர்வும் ஒரு காரணம். ஆழத்தில் செலுத்தும் நீரோடு தொடர்புடைய அதிர்வுகள் அதிகமானதால் 2021 முதல் மேற்கு டெக்சாஸின் கார்டன்டேல், வடக்கு கல்பர்சன்-ரீவ்ஸ், ஸ்டான்டன் பகுதிகளில் கமிஷன் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்படி ஒரு ஆணை வந்து கிணறு நின்றாலும் குறைந்தபட்சத் தொகை தொடருமா, நிற்குமா என்பதை எழுதிவிடுங்கள். எழுதாத இடத்தில் நிறுவனம் "எங்கள் கையில் இல்லை" என்று நிறுத்திவிடும்.

விலைவாசி உயர்வு: நுகர்வோர் விலைக் குறியீட்டோடு ஆண்டுதோறும் ஏறும்படி ஒரு வரி. இருபது வருடம் கழித்து இன்றைய 5 சென்ட் எதற்கு ஆகும்?

மிதக்கும் எண்ணெய்: புதியவர்கள் கேட்கவே மறந்துபோவது. கழிவுநீரில் கொஞ்சம் எண்ணெய் கலந்து வரும், தொட்டியில் மேலே மிதக்கும். அதைப் பிரித்து விற்பார்கள். 10,000 பேரலில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் நாளுக்கு 10 பேரல். பேரல் 60 டாலர் என்று போட்டால் 600 டாலர். மேலே பார்த்த தண்ணீர் ராயல்டியைவிட அதிகம்! இதில் உங்களுக்குத் தானாக உரிமை வராது, ஒப்பந்தத்தில் சதவீதம் எழுதினால்தான் உண்டு. இந்த எண்ணெயைக் கமிஷனுக்கு பி-18 என்ற படிவத்தில் கணக்குக் காட்டுவார்கள் என்பதால் பின்னால் சரிபார்க்க வழியும் இருக்கிறது.

விகிதம் எவ்வளவு கேட்கலாம் என்பதற்குப் பொது விலைப்பட்டியல் கிடையாது. கவுண்டிக்குக் கவுண்டி, சுற்றுவட்டாரத்தில் எத்தனை கிணறு இருக்கிறது, குழாய் எவ்வளவு பக்கம் என்பதைப் பொறுத்து மாறும். உங்கள் கவுண்டியில் ஒப்பந்தம் போட்டுத் தந்திருக்கும் எண்ணெய் வக்கீலிடம் கேட்டால் ஒரே நாளில் தெரியும். அவருடைய கட்டணத்தை நிறுவனமே தர வேண்டும் என்று கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

8. ஒப்பந்தத்தில் விட்டுவிடக் கூடாதவை

பேரல் என்பது என்ன என்று எழுதுங்கள்: 42 கேலன், கிணற்று முகப்பில் மீட்டர் வழியாக அளந்தது. லாரிச் சீட்டை வைத்துக் கணக்குப் போடுவதை ஏற்காதீர்கள். மாதந்தோறும் தண்ணீர் எந்த லீஸிலிருந்து எத்தனை பேரல் வந்தது என்ற பட்டியல் வர வேண்டும். கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை, வித்தியாசம் இருந்தால் தணிக்கைச் செலவு அவர்களுடையது என்ற வரி, இரண்டும் வேண்டும்.

எந்த அடுக்கு, எத்தனை அடியிலிருந்து எத்தனை அடி வரை என்று குறிப்பிடுங்கள். "இந்த நிலத்தில் உள்ள எந்த அடுக்கிலும்" என்று கையெழுத்துப் போட்டால் உங்கள் நுண்துளை வெளி முழுவதையும் ஒரே கிணற்றின் விலைக்குக் கொடுத்ததாகிவிடும். திறந்த குட்டை கூடாது, இரண்டாவது கிணறு என்றால் தனி ஒப்பந்தம்.

காலம்: ஆறு மாதம் தொடர்ந்து தண்ணீர் செலுத்தாவிட்டால் ஒப்பந்தம் முடியும் என்பது போன்ற ஒரு வரி. உரிமையை வேறு நிறுவனத்துக்கு மாற்ற உங்கள் சம்மதம். இது ஏன் என்றால், பெரிய நிறுவனத்தோடு பேசிக் கையெழுத்துப் போடுவீர்கள், கிணறு வயதானதும் ஒரு சின்ன நிறுவனத்திடம் கைமாறும், மூட வேண்டிய நேரத்தில் அவர்களிடம் காசு இருக்காது. அதனால் மூடுவதற்கும் மேடையைக் கலைத்து மண்ணைச் சீராக்குவதற்கும் தனியாக வைப்புத்தொகையோ பாண்டோ (உத்தரவாதப் பத்திரம்) கேளுங்கள். கமிஷனிடம் அவர்கள் வைத்திருக்கும் பாண்டு உங்கள் மேய்ச்சல் நிலத்தைச் சீராக்குவதற்கானது இல்லை.

கசிவு: எத்தனை மணி நேரத்துக்குள் உங்களிடம் சொல்ல வேண்டும், ஆறாம் படியின் அளவுகளுக்கு மண்ணைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று எழுதுங்கள். எண்ணெய் கொட்டினால்கூட மண் காலப்போக்கில் தேறும். உப்புநீர் கொட்டிய இடத்தில் சோடியம் மண்ணை இறுக்கிவிடும், புல் முளைக்காது, ஜிப்சம் போட்டு நல்ல நீர் விட்டுக் கழுவ வேண்டியிருக்கும்.

வரி: விவசாய மதிப்பீட்டில் குறைந்த சொத்துவரி கட்டுகிறீர்கள் என்றால், கிணற்று மேடை பிடித்த இடம் அந்தச் சலுகையை இழக்கலாம். அப்போது கடந்த மூன்று ஆண்டு வித்தியாசத்தையும் கேட்பார்கள். அதை நிறுவனம் கட்ட வேண்டும் என்று எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. சேதத்துக்கான பணமும் வாடகை போல் வரும் பணமும் வருமானவரியில் வேறு வேறாகப் பார்க்கப்படலாம். எந்தத் தொகை எதற்கு என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதும் முன் உங்கள் வரிக் கணக்காளரிடம் காட்டுங்கள்.

நிலத்தின்மேல் வங்கிக் கடன் இருந்தால், வங்கியின் சம்மதம் தேவையா என்று கடன் பத்திரத்தில் பாருங்கள். கடைசி நாளில் இது தெரியவந்து கையெழுத்து நின்றுபோவது உண்டு.

9. கையெழுத்தான பிறகு

ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆண்டுதோறும் எச்-10 என்ற அறிக்கை கமிஷனுக்குப் போகிறது. மாதவாரியாக எத்தனை பேரல், என்ன அழுத்தம் என்று அதில் இருக்கும். யாரும் ஆன்லைனில் பார்க்கலாம். உங்களுக்கு வந்த மாதக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தணிக்கைக் கடிதம் அனுப்புங்கள்.

அழுத்தத்தையும் பாருங்கள். மேற்பரப்பில் அனுமதிக்கும் உச்ச அழுத்தத்துக்கு வழக்கமான கணக்கு, செலுத்தும் அடுக்கின் மேல்விளிம்பு ஆழத்துக்கு அடிக்கு அரை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). 5,000 அடி என்றால் 2,500 பிஎஸ்ஐ. ஆனால் உங்கள் கிணற்றின் அனுமதித் தாளில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் கணக்கு. வருடா வருடம் அளவு குறைந்து அழுத்தம் ஏறினால் அடுக்கு நிரம்பி வருகிறது என்று சந்தேகிக்கலாம். குழாய் கசியாமல் இருக்கிறதா என்ற சோதனை அறிக்கை எச்-5. வழக்கமாக ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும்.

ஆபரேட்டர் மாறினால் பி-4 படிவம் பதிவாகும். உங்கள் சம்மதம் கேட்காமல் மாறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

10. கிணறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால்

நிலத்தை வாங்கிய பிறகுதான் கிணறு இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது. அப்போது வரிசை கொஞ்சம் மாறும்.

முதலில் கவுண்டிப் பதிவில் பழைய உரிமையாளர் போட்ட ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவான ஒப்பந்தம் நிலத்தோடு உங்களுக்கும் வந்து சேரும். அதன் ராயல்டியை விற்றவர் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிறாரா என்று உங்கள் பத்திரத்தில் பாருங்கள். ஒப்பந்தமே இல்லையென்றால், கிணறு தொடங்கிய நாள் முதலான எச்-10 அறிக்கைகள் எல்லாவற்றையும் இறக்கி, அந்த லீஸின் எண்ணெய் உற்பத்தியோடு ஒப்பிடுங்கள். லீஸ் நாளுக்குச் சில பேரல் எண்ணெய்தான் தருகிறது, கிணற்றில் ஆயிரக்கணக்கில் தண்ணீர் போகிறது என்றால் வெளித் தண்ணீர் என்பதற்கு அதுவே நல்ல தடயம்.

பிறகு வக்கீல் மூலம் கடிதம். தண்ணீரின் மூலம், அளவு, எந்த உரிமையின்கீழ் செலுத்துகிறார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்: டெக்சாஸில் அத்துமீறல், சொத்துச் சேத வழக்குகளுக்குக் கால வரம்பு இரண்டு ஆண்டு. ஒப்பந்த மீறலுக்கு நான்கு.

கடிதம் போனதும் பதிலுக்கு ஒரு காசோலை வரலாம். பின்பக்கத்திலோ இணைப்புத் தாளிலோ "இதுவரையிலான எல்லாச் சேதத்துக்கும் முழுத் தீர்வு" என்று எழுதியிருக்கும். அதை வங்கியில் போடாமல், பிரதி எடுத்துக்கொண்டு வக்கீலிடம் கொடுங்கள்.